வால்வு கிட்டார் ஆம்ப்பில் வோல்ட் ஓரிடத்தில் நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

முதல் பாட்டுக்கு ஆம்ப் நன்றாகப் பாடும். நான்காவது பாட்டுக்குள் சத்தம் அமுங்கி, கரகரத்து, ஹம் ஏறிவிடும். பயாஸை, அதாவது பவர் வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மைனஸ் வோல்ட்டை, அளந்தால் போன வாரம் வைத்த அளவு இந்த வாரம் இருக்காது. இப்படி என் மேசைக்கு வரும் ஆம்ப்களில் பலவற்றில் யாராவது ஏற்கெனவே பயாஸை மாற்றும் சின்னத் திருகான ப்ரீசெட்டைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். கடைசியாகத் தொட வேண்டியதே அதுதான். எந்த வோல்ட் நகர்கிறது, அதோடு சேர்ந்து வேறு எது நகர்கிறது என்று தெரியாமல் ப்ரீசெட்டைத் திருப்பினால் பழுது போகாது, மறைந்துகொள்ளும். அடுத்த முறை ஒரு ஜோடி வால்வைத் தின்றுவிட்டுத்தான் வெளியே வரும்.

எடுத்துக்காட்டுக்கு ஃபென்டர் டீலக்ஸ் ரெவெர்பின் ஏபி763 சர்க்யூட்டை வைத்துக்கொள்கிறேன். இரண்டு 6வி6 பவர் வால்வு, ஏசியை டிசியாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வு ஒன்று, பவர் வால்வின் பிளஸ் முனையான பிளேட்டில் ஏறத்தாழ 415 வோல்ட், பயாஸ் மைனஸ் 35. உங்கள் ஆம்ப்பின் எண்கள் வேறாக இருக்கும், தேடும் வரிசை மாறாது.

## திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். உயிரை எடுக்க அது போதும். 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர் பொருத்தி, முதலில் சேஸிஸில் ஒன்று, பிறகு கண்டென்சரின் பிளஸ்ஸில் மற்றொன்று என்று மாட்டுங்கள். சில வினாடி விட்டு, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகலாம். ஒவ்வொரு கண்டென்சருக்கும் இதைத் தனித்தனியாகச் செய்யுங்கள். ஆன் நிலையில் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு வயரைச் சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு ஒற்றைக் கையால் மட்டும் அளக்க வேண்டும். ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டரான டம்மி லோடோ இல்லாமல் ஆம்ப்பை ஓட்டக் கூடாது.

இதைப் படிக்கும்போதே தயக்கமாக இருந்தால் ஆம்ப்பைத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகளும் கீழே இருக்கின்றன, அவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள்

டிஜிட்டல் மல்டிமீட்டரில் பேட்டரி இறங்கினால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 415 இருக்கும் இடத்தில் 450 என்று வரும், நாளுக்கு நாள் ஏறவும் செய்யும். புதிய பேட்டரி போட்டு மறுபடி அளந்தாலே "நகர்வு" காணாமல் போன ஆம்ப்கள் உண்டு. புது பென்சில் செல் ஒன்றை அளந்து பாருங்கள். 1.5க்கும் 1.6க்கும் நடுவே காட்டினால் மீட்டரை நம்பலாம்.

இன்னொன்று. அந்தக் கால ஃபென்டர் சர்க்யூட் தாளிலேயே வோல்ட் அளவுகள் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அச்சிட்டிருக்கும். தாளில் 415, உங்கள் ஆம்ப்பில் 435 என்றால் அதற்குப் பெயர் பழுது இல்லை. ஒரே ஆம்ப்பில், ஒரே இடத்தில், நேரத்தோடு அளவு மாறுவதைத்தான் நாம் தேடுகிறோம்.

## நான்கு அளவு, மூன்று நேரம்

ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள். சுவர் பிளக்கின் ஏசி, வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் ஏசி, பிளேட்டுக்குப் போகும் உயர் டிசி வோல்ட்டான பி பிளஸ், பயாஸ். ஆன் செய்து 2, 15, 40 நிமிடம் ஆனதும் நான்கையும் எழுதுங்கள். பவர் வால்வில் எலக்ட்ரான் கிளம்பும் முனையான கேத்தோடுக்கும் சேஸிஸுக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் ஐந்தாவதாக மின்னோட்டத்தையும் எழுதலாம். அதன் குறுக்கே 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லிஆம்பியர்.

6வி6, 6எல்6 பவர் வால்வு இரண்டுக்கும் ஹீட்டர் 2, 7 ஆம் பின்கள், பிளேட் 3, ஸ்கிரீன் 4, பயாஸ் போய்ச் சேரும் கிரிட் 5, கேத்தோடு 8. இஎல்34க்கும் இவையே. எந்தப் பத்தி எதோடு சேர்ந்து நகர்கிறது என்று பார்த்தால் கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

## அறிகுறி: எல்லா வோல்ட்டும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்குகின்றன

சுவரில் 230 இருந்தது 207 ஆனால் 10 சதவீதம் குறைவு. அதே நேரம் ஹீட்டர் 6.3லிருந்து 5.7க்கும், பி பிளஸ் 415லிருந்து 375 அருகிலும், பயாஸ் 35லிருந்து 31.5 அருகிலும் வந்திருந்தால் ஆம்ப்பில் குறை இல்லை. உள்ளே வரும் மின்சாரம் ஆடுகிறது. ஆம்ப்பைத் திறக்காமலே தேடலாம்.

பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும். பிளக் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் பிடிமானம் லூஸ். ஆம்ப்பை நேரே சுவர் பாயின்ட்டில் போட்டு மீண்டும் அளங்கள்.

மேடையின் லோடு. திருவிழா மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் ஜெனரேட்டர் லைனிலேயே சப்வூஃபரும் சீரியல் லைட்டும் போகும். பேஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் லைன் வோல்ட் சாய்ந்தால் ஆம்ப்பும் கூடவே சாயும். மேடைக்காரரிடம் ஆம்ப்புக்கு வேறு லைன் கேளுங்கள்.

ரிலே ஸ்டெபிலைசர். ஃபிரிட்ஜுக்கு வாங்கியது ஆம்ப்புக்கும் ஆகும் என்று பலர் வைத்திருக்கிறார்கள். அது படிப்படியாகத்தான் மாற்றும். "டக்" என்று ஒரு படி மாறும்போது பி பிளஸ் சட்டென்று இருபது, முப்பது வோல்ட் குதிக்கும். குதிப்பும் அந்த "டக்"கும் ஒரே நேரத்தில் வந்தால் காரணம் அதுதான். சர்வோ வகை மெதுவாக நகர்த்தும். ஆம்ப்புக்கு வாங்குவதென்றால் அதையே வாங்குங்கள்.

ஆம்ப்பின் வோல்ட் செலக்டர். 220இல் வைத்த ஆம்ப் 245 வோல்ட் வரும் வீட்டில் ஓடினால் ஹீட்டர் 7.0க்குப் போகும். 6.3க்கு 10 சதவீத எல்லை 6.9தான். 415 இருக்க வேண்டிய பி பிளஸ் 460ஐத் தாண்டும், அங்கே இருக்கும் கண்டென்சரோ பெரும்பாலும் 450 வோல்ட்டுக்குச் செய்தது. செலக்டரை 240க்கு மாற்ற ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் பயாஸைக் கூட்டிக் கூட்டி வைத்துப் பயனில்லை.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். அமெரிக்க 120 வோல்ட் ஆம்ப்பைச் சிறிய ஸ்டெப் டவுனில் ஓட்டினால் சத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் வோல்ட் இறங்கும். ஆம்ப்பின் பின்பக்கம் எழுதியிருக்கும் வாட்ஸைப் போல இரு மடங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

குறைந்த வோல்ட் சத்தத்தைக் கெடுக்கத்தான் வேண்டும் என்றில்லை. ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து ஆம்ப்பின் வோல்ட்டை வேண்டுமென்றே இறக்கி வாசித்தவர். அவர் இறக்கி ஓரிடத்தில் நிறுத்தி வைத்தார், தானாக ஆடும் லைனில் அது நடக்காது.

எலக்ட்ரீஷியனை உடனே கூப்பிட வேண்டிய இடம்: லைன் 260ஐத் தாண்டுகிறது, அல்லது வீட்டில் ஓர் அறையில் விளக்கு மங்கும்போது இன்னோர் அறையில் பளிச்சென்று எரிகிறது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் லூஸ் ஆனால் இப்படித்தான் இருக்கும். ஆம்ப்பை மட்டுமல்ல, எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுங்கள். ஸ்டெபிலைசர் போட்டுச் சமாளிக்கும் விஷயம் இல்லை இது.

## அறிகுறி: முதல் கால் மணி நேரம் மட்டும் நகர்கிறது, பிறகு நிற்கிறது

பழுது இல்லை. வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறும்வரை இரண்டு மூன்று மில்லிஆம்பியர் நகரத்தான் செய்யும். பயாஸ் வைப்பதென்றால் 20 நிமிடம் கழித்து வையுங்கள்.

## அறிகுறி: பயாஸ் வோல்ட் வினாடிக்குச் சில முறை சீராக மேலும் கீழும் ஆடுகிறது

சத்தத்தைச் சீராக ஏற்றி இறக்கும் ட்ரெமலோவை அணைத்துவிட்டு அளங்கள். பிரின்ஸ்டன் ரெவெர்ப் போன்ற ஆம்ப்களில் ட்ரெமலோவே பயாஸை ஆட்டித்தான் வேலை செய்கிறது. அதன் இன்டென்சிட்டி குமிழைச் சுழிக்குக் கொண்டுவந்த பிறகும் ஆடினால்தான் மேலே பார்க்க வேண்டும்.

## அறிகுறி: ஒரு வால்வின் மின்னோட்டம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

அதிகம் வருவதும் அதிகம் செலவு வைப்பதும் இதுதான். அரை மணி நேரத்தில் ஒரு வால்வு 22 மில்லிஆம்பியரிலிருந்து 30, 35 என்று ஏறும், பக்கத்து வால்வு அசையாது. விளக்கை அணைத்துப் பார்த்தால் அந்த வால்வின் சாம்பல் நிறப் பிளேட்டில் மங்கலான சிவப்புத் திட்டு ஒன்று தெரியும். தெரிந்த நொடியில் ஆஃப் செய்யுங்கள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று விட்டால் வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

ஒன்று: இடம் மாற்றிப் போடுங்கள். ஆறியதும் இரண்டு வால்வையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். ஏற்றம் வால்வோடு போனால் வால்வு கெட்டுவிட்டது, புது ஜோடி போடுங்கள், வேலை முடிந்தது. ஏற்றம் அதே சாக்கெட்டிலேயே நின்றால் வால்வு வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். புது வால்வும் அதே கதிக்கு ஆளாகும்.

இரண்டு: வால்வைக் கழற்றிவிட்டு கிரிட்டை அளங்கள். பவர் வால்வு இரண்டையும் எடுத்துவிட்டு, ஸ்டாண்ட்பை ஸ்விட்சை வாசிக்கும் நிலையில் வைத்து, இரண்டு சாக்கெட்டிலும் 5 ஆம் பின்னை அளங்கள். இரண்டும் ஒரே அளவு, உதாரணமாக மைனஸ் 36 காட்ட வேண்டும். ஒன்றில் 36, மற்றதில் 31 என்றால் அந்தப் பக்கத்துக்கு எங்கிருந்தோ பிளஸ் வோல்ட் கசிகிறது. முதல் சந்தேகம், இரண்டு பவர் வால்வுக்கும் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து வரும் 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கண்டென்சர். டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடுவது அதன் வேலை. குளிர்ந்திருக்கும்போது நல்லபடியாக இருந்து, சூடானதும் கசிய ஆரம்பிக்கும் வழக்கம் அதற்கு உண்டு. அதனால் ஆன் செய்தவுடன் அளந்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று மூடிவிடாதீர்கள். வால்வு இல்லாமல் சேஸிஸ் அவ்வளவு சூடாகாது, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் கண்டென்சர் பக்கம் காட்டி, அளவு நகர்கிறதா என்று பாருங்கள்.

ஆஃப் செய்து, ஃபில்டர் கண்டென்சர்களில் நிற்கும் மின்சாரத்தை வடித்துவிட்டு, கிரிட் பக்கமுள்ள காலைச் சால்டரிலிருந்து எடுத்துத் தூக்கிவிட்டு மீண்டும் ஆன் செய்து அளங்கள். மைனஸ் 36 திரும்பி வந்தால் திருடன் அகப்பட்டான். 600 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் ஒரு ஜோடி வாங்கி இரு பக்கமும் மாற்றுங்கள். கெட்டதை மட்டும் மாற்றி அதே வயதுள்ள மற்றதை விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்று: கிரிட் லீக் ரெசிஸ்டர். ஆஃப் நிலையில் 5 ஆம் பின்னிலிருந்து பயாஸ் வரும் இடம்வரை அளந்தால் ஏறத்தாழ 220 கிலோஓம் வர வேண்டும். மெகாஓம் கணக்கில் ஏறியிருந்தாலோ, ஓபனாக இருந்தாலோ கிரிட்டுக்குப் பயாஸ் போய்ச் சேரவே இல்லை. இஎல்34 இருந்த இடத்தில் 6550 பவர் வால்வு போட்டுக் கொடுத்த ஆம்ப் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். தனி சர்க்யூட் மைனஸ் வோல்ட் கொடுக்கும் நிலையான பயாஸில் 6550க்கு அனுமதித்த கிரிட் ரெசிஸ்டன்ஸ் 50 கிலோஓம்தான். 220 கிலோஓமை அப்படியே விட்டு வால்வை மட்டும் மாற்றினால் சூடேறச் சூடேற மின்னோட்டம் ஏறத்தான் செய்யும்.

நான்கு: சாக்கெட். கண்டென்சர் காலைத் தூக்கிய பிறகும் 31 என்றே நின்றால் சாக்கெட்டைப் பாருங்கள். 4 ஆம் பின்னில் ஸ்கிரீனின் 400க்கு மேற்பட்ட பிளஸ் வோல்ட், அதை ஒட்டி 5 ஆம் பின்னில் கிரிட்டின் மைனஸ் வோல்ட். நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் பேக்லைட். என்றோ ஒரு நாள் அங்கே தீப்பொறி பறந்திருந்தால் கரிக்கோடு ஒன்று விழுந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் முடி இழை போல மினுங்கும். சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டாம், சாக்கெட்டையே மாற்றுங்கள். செராமிக் சாக்கெட் நல்லது.

மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டிய இடம்: நான்கையும் பார்த்த பிறகும் கசிவு நிற்கவில்லை என்றால் போர்டே மின்சாரத்தைக் கடத்துகிறது. பிரின்டட் போர்டில் பவர் வால்வு சாக்கெட்டைச் சுற்றி வருடக்கணக்காகச் சுட்டுச் சுட்டுப் பழுப்பேறிய இடத்தில் இது வரும். கிரிட் இணைப்பைப் போர்டிலிருந்து வெட்டித் தனி வயரில் கொண்டுபோகும் வேலை அது, பழகிய கைக்கு விடுங்கள்.

## அறிகுறி: எல்லாப் பவர் வால்வும் சேர்ந்து சூடாகின்றன, பயாஸ் சுழியை நோக்கிப் போகிறது

மைனஸ் 35 இருந்தது 32, 29 என்று சுருங்குகிறது. லைன் வோல்ட் அசையவில்லை. பயாஸ் கொடுக்கும் சின்ன சர்க்யூட்டில்தான் குறை, அதில் இருப்பதே நாலைந்து பாகம்.

முதலில் ப்ரீசெட். அதன் இப்போதைய அளவைக் குறித்துக்கொண்டு, ஆஃப் நிலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சில முறை திருப்பி, கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். பிறகும் தட்டினால் வோல்ட் குதிக்கிறது என்றால் மாற்றுங்கள். ப்ரீசெட்டின் நடுக்கால் விட்டுப்போனால் சில ஆம்ப்களில் பயாஸ் முழுவதும் போய், எல்லா வால்வும் ஒரே நேரத்தில் சிவக்கும்.

அடுத்து பயாஸ் கண்டென்சர். சூடான இடத்தில் உட்கார்ந்து காய்ந்துபோகும். பயாஸ் லைனில் மீட்டரை ஏசியில் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக் கூடாது. ஒரு வோல்ட் பக்கம் காட்டினால் கண்டென்சர் முடிந்தது. விலை சில ரூபாய்தான், சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், 100 வோல்ட் ரகமாக வாங்குங்கள். மாட்டும்போது மட்டும் கவனம் தேவை. இங்கே இருப்பது மைனஸ் வோல்ட், அதனால் கண்டென்சரின் பிளஸ் கால் சேஸிஸுக்குப் போக வேண்டும். மற்ற ஃபில்டர் கண்டென்சர்களைப் பார்த்து அதே மாதிரி மாட்டினால் வெடிக்கும்.

அப்புறம் டையோடு. மிகப் பழைய ஆம்ப்களில் செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும், வயதாக ஆக அதன் வோல்ட் இறங்கும். சிலிக்கான் டையோடு போட்டால் பயாஸ் கொஞ்சம் கூடும், மறுபடி சரிசெய்ய வேண்டும். ப்ரீசெட்டைத் திருப்பும் நேரம் இப்போதுதான் வருகிறது.

கேத்தோடு ரெசிஸ்டரே பயாஸை உண்டாக்கும் கேத்தோடு பயாஸ் ஆம்ப் என்றால், வாக்ஸ் ஏசி30 போல, இந்தச் சர்க்யூட்டே இருக்காது. கேத்தோடு ரெசிஸ்டரின் ஓம், அதன் குறுக்கே உள்ள கண்டென்சரின் கசிவு, இரண்டையும் பாருங்கள். கசியும் கண்டென்சர் கேத்தோடு வோல்ட்டைக் கீழே இழுத்து மின்னோட்டத்தை ஏற்றும்.

## அறிகுறி: ஹீட்டர் அசையவில்லை, பி பிளஸ் மட்டும் இறங்குகிறது

பவர் வால்வின் மின்னோட்டம் ஏறினாலே பி பிளஸ் இறங்கும். அதனால் முதலில் மேலே உள்ள இரண்டு அறிகுறியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மின்னோட்டம் ஏறவில்லை, பி பிளஸ் மட்டும் தளர்கிறது என்றால் ரெக்டிஃபையர் வால்வு. நல்லதென்று தெரிந்த இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பதே சோதனை. அதே வகையைப் போடுங்கள். ஜிஇசட்34 இடத்தில் 5ஒய்3 போட்டால் பல பத்து வோல்ட் குறையும், பழுது என்று மயங்கிவிடுவீர்கள்.

அதற்கு அடுத்து ஃபில்டர் கண்டென்சர். ஒரு கண்டென்சருக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே வோல்ட் அளங்கள். 2 நிமிடத்தில் 40, 40 நிமிடத்தில் 70 என்று விரிந்துகொண்டே போய், ப்ரீஆம்ப் வால்வுகளின் கேத்தோடு வோல்ட்டில் ஏற்றம் இல்லையென்றால் ரெசிஸ்டருக்கு அடுத்த கண்டென்சர்தான் குடிக்கிறது. ஆஃப் செய்து வடித்த பிறகு தொட்டுப் பாருங்கள், மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்றுவதுதான் முறை.

பல வருடம் பரணில் கிடந்த ஆம்ப்பை நேரே பிளக்கில் போட வேண்டாம். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு முறை பளிச்சிட்டு மங்கினால் தொடரலாம். பளிச்சென்றே எரிந்தால் உள்ளே ஷார்ட், மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனாலும், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை வந்தாலும் அப்படியே. பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டக் கூடாது.

## அறிகுறி: மழைக்காலத்தில் மட்டும் எல்லாம் நகர்கிறது

1960களின் அமெரிக்க ஆம்ப்களில் வரும் கறுப்பு ஃபைபர் போர்டு ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் ஆம்ப் கரகரத்து, பங்குனியில் தானாகச் சரியாகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். ஆன் நிலையில், மீட்டரின் சிவப்பு முனையைப் பாகம் எதையும் தொடாமல் வெறும் போர்டில் வையுங்கள். அங்கே சுழி இருக்க வேண்டும். பத்து, இருபது வோல்ட் காட்டினால் போர்டு கடத்துகிறது.

ஆஃப் செய்து வடித்துவிட்டு ஹேர் டிரையரை மிதமான சூட்டில் நகர்த்தி நகர்த்திக் காட்டி உலர்த்துங்கள். ஒரே இடத்தில் பிடித்தால் போர்டில் பூசிய மெழுகு உருகும். உலர்த்தினால் ஒரு பருவம் ஓடும். அடுத்த மழையில் மறுபடி வந்தால் போர்டையே புதிதாகக் கட்ட வேண்டும், அது அனுபவசாலியின் வேலை.

## அறிகுறி: ப்ரீஆம்ப் பிளேட் வோல்ட் அலைகிறது, கூடவே கரகரப்பு

வால்வை மாற்றிப் பாருங்கள், சாக்கெட்டில் கான்டாக்ட் கிளீனர் விட்டு வால்வைச் சில முறை ஏற்றி இறக்குங்கள். நிற்கவில்லையென்றால் 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர். மூங்கில் குச்சியால் மெல்லத் தட்டினால் எது கத்துகிறது என்று தெரியும். வால்யூம் குமிழுக்குப் பின்னுள்ள பாட் (மாறும் ரெசிஸ்டர்) எவ்வளவு சுத்தம் செய்தாலும் கரகரக்கிறது என்றால் அந்தப் பாட்டின் கால்களில் டிசி இருக்கிறதா என்று அளங்கள். இருந்தால் அதற்கு முந்திய கப்ளிங் கண்டென்சர் கசிகிறது, பாட்டை மாற்றிப் பயனில்லை.

## மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது

நான்கு பத்தித் தாளை ஆம்ப்போடு கொடுங்கள். எந்த நேரத்தில் எது நகர்ந்தது, வால்வை இடம் மாற்றியபோது ஏற்றம் எந்தப் பக்கம் போனது, இதுவரை எந்தப் பாகம் மாற்றியிருக்கிறது, ப்ரீசெட்டை யாராவது திருப்பினார்களா என்பதையும் எழுதுங்கள். கழற்றிய பழைய வால்வுகளையும் எந்தச் சாக்கெட்டில் இருந்தவை என்று குறித்துக் கூடவே கொடுங்கள். ஆம்ப் வழக்கமாக ஓடும் வீட்டிலோ மண்டபத்திலோ லைன் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். அவருடைய கடையில் 230 இருந்து உங்கள் இடத்தில் 245 இருந்தால், அங்கே வைத்த பயாஸ் இங்கே பொருந்தாது.